பத்து வருடம் கழித்து அதே கதவைத் தட்டுவது: டர்பனில் நாட்பட்ட நோய் ஆய்வு வளர்ந்த விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஓரம் மடங்கிப் பழுப்பேறிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி, உயரம், எடை, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை. "இந்த ஆட்களைக் கண்டுபிடிக்கணும்" என்றார் மேலாளர். நான் திருநெல்வேலியில் புள்ளியியல் படித்தவன். எண்களைக் கொடுத்தால் கணக்குப் போடுவேன். ஆள் தேடுவதெல்லாம் போலீஸ் வேலை என்று நினைத்திருந்தேன்.

முதல் அட்டை: கே. கோவெண்டர், யூனிட் 3, சாட்ஸ்வொர்த். நாலாவது அட்டை: கே. கோவெண்டர், யூனிட் 3, சாட்ஸ்வொர்த். பதினோராவதும் அதே. கவுண்டர் என்பது கப்பல் ஏறி, ஆங்கிலேய எழுத்தர் கையால் கோவெண்டர் ஆகியிருக்கிறது. முதலி மூட்லி ஆகியிருக்கிறார். பிள்ளை என்ற பெயர்க்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு தெருவுக்கு ஏழெட்டு வீடு. போதாததற்கு, அந்த அட்டைகளை எழுதிய காலத்தில் சாலைகளுக்கு வெறும் எண்தான். யூனிட் 3 இப்போது வெஸ்ட்கிளிஃப், யூனிட் 2 பேவியூ. பெண்கள் கல்யாணம் ஆகி வேறு பெயரில் வேறு ஊரில் இருந்தார்கள்.

அந்தப் பெட்டியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிய பிறகுதான் ஒன்று புரிந்தது. நாட்பட்ட நோயை ஆராய்கிற ஒரு மையத்துக்கு முதல் தகுதியே, ஒருமுறை பார்த்த ஆளை மறுபடி கண்டுபிடிக்கத் தெரிவதுதான். மலேரியாவை ஒரு மழைக்காலத்தில் ஆராய்ந்துவிடலாம். சர்க்கரை நோய்க்கு அது நடக்காது. இன்றைக்கு நன்றாக இருக்கிற நாற்பது வயதுக்காரர் ஐம்பதில் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் பத்து வருடம் காத்திருந்தே ஆகவேண்டும். டர்பனின் கதையை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நான் வேலை பார்த்த இடம் சின்னது, அதன் பெயர் இங்கே தேவையில்லை. பெரிய இடங்களின் கதை பொதுவெளியில் இருக்கிறது.

கரும்பும் கிளினிக்கும்

1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 342 பேர். அதிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு வந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். வெட்டியது கரும்பு. அந்தக் கரும்பு வெட்டியவர்களின் பேரன் பேத்திகளுக்குத்தான் பின்னாளில் சர்க்கரை நோய் கூட்டம் கூட்டமாக வந்தது. இதைச் சொல்லி உச்சுக்கொட்டாத ஆளை நான் டர்பனில் பார்த்ததில்லை, அதனால் நான் சும்மா விட்டுவிடுகிறேன்.

வெள்ளையர் அல்லாதவர்களுக்கென 1936-இல் திறக்கப்பட்டது எட்டாம் எட்வர்ட் மருத்துவமனை. 1951-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி அதோடு ஒட்டிப் பாடம் நடத்த ஆரம்பித்தது. நிறவெறிச் சட்டப்படி அது கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்கானது. ஆட்களை ஒதுக்கி வைப்பதற்காகப் போட்ட அந்த ஏற்பாடு, ஒரு விசித்திரமான விளைவையும் தந்தது. சுலு மக்களும் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி வம்சாவளியினரும் ஒரே வளாகத்து வார்டுகளில் படுத்தார்கள். கண் இருக்கிற மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றாமல் இருக்குமா?

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் கேம்பல். அங்கே நீரிழிவு கிளினிக் நடத்திய மருத்துவர். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த சுலு நோயாளிகளிடம், "எத்தனை வருஷமாக டவுனில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்து வைத்தார். சர்க்கரை நோய் தலைகாட்டுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு நகர வாழ்க்கை தேவைப்படுகிறது என்று 1960-களில் வாதிட்டார். நேட்டால் இந்தியர்களையும் இந்தியாவில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு, இங்கே சாப்பிடுகிற சர்க்கரைதான் குற்றவாளி என்றார். சுத்திகரித்த சர்க்கரை ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற அந்தக் கணிப்பு ரொம்ப எளிமையானது. கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு, மரபு எல்லாம் அதில் விடுபட்டுப் போகின்றன. ஆனாலும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பெரிய மானியம் எதற்கும் காத்திருக்காமல், வரிசையில் நின்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு பெரிய விஷயத்தைக் கிளப்பிவிட்டார். மையம் என்று எதுவும் உருவாகும் முன்னால் டர்பனில் இருந்தது அவ்வளவுதான்: ஒரு கிளினிக், ஒரு நோட்டு.

அதே காலகட்டத்தில்தான் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த தனிக்குடியிருப்புச் சட்டத்தின் பேரில் மாகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 1969-இல் அங்கே ஆர்.கே. கான் மருத்துவமனை வந்தது. ஆராய்ச்சிக்காரன் மொழியில் கொடூரமாகச் சொன்னால், ஒரு சமூகம் முழுவதும் ஒரே இடத்தில், எண் போட்ட சாலைகளில், எடுத்துக்கொள் என்பது மாதிரி கிடைத்தது. 1980-களிலும் 90-களிலும் நடந்த கணக்கெடுப்புகளுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

எண்கள் கிடைத்தன

அந்தக் கணக்கெடுப்புகளை முன்னின்று நடத்தியவர்களில் எம்.ஏ.கே. ஓமர், ஆயிஷா மொட்டாலா ஆகியோர் முக்கியமானவர்கள். மொட்டாலா பிறகு பல்கலைக்கழகத்தின் நீரிழிவு, நாளமில்லாச் சுரப்பித் துறைக்குத் தலைமை தாங்கினார். 1994-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சுமார் 2,500 டர்பன் இந்தியர்களைச் சோதித்ததில் வயதுக்கேற்பச் சரிசெய்த நீரிழிவு விகிதம் 13 சதவீதம். 2003-இல் அதன் தொடர்ச்சி வந்தது: பத்தாண்டு கழித்து அதே ஆட்களில் கிடைத்தவர்களை மறுபடி சோதித்துப் பார்த்தது. கிடைத்தவர்கள் நூறுகளில்தான், ஆயிரக்கணக்கில் இல்லை. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது மற்றவர்கள் நோய் விகிதத்தைப் பார்ப்பார்கள், நான் அந்த நூறுகளைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஒரு கதவைத் தட்டியிருக்கிறார்.

இதே குழுவினர், டர்பன் இருக்கிற மாகாணமான குவாசுலு-நேட்டாலின் வடக்கே ஒரு கிராமப்புறத்தில் சுலு மக்களிடையே எடுத்து 2008-இல் வெளியிட்ட கணக்கில் நீரிழிவு ஏறக்குறைய 4 சதவீதம்தான். ஆனால் அப்படி நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, அன்றைக்குச் சோதிக்கும் வரைக்கும் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. கேம்பல் சொன்ன இருபது வருடக் கடிகாரம் கிராமத்திலும் ஓட ஆரம்பித்திருந்தது.

ஒரு சங்கடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் எல்லாம் "இந்தியர்" என்று ஒரே ஒரு பெட்டிதான். நிறவெறி அரசு வகுத்த நான்கு பிரிவுகளில் ஒன்று அது. தமிழர் தனியாக எத்தனை பேர், தெலுங்கர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்தியப் பெட்டி, கறுப்பினப் பெட்டி என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவத்துக்கு எவ்வளவு உதவுகிறது, எவ்வளவு கண்ணை மறைக்கிறது என்று எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சண்டை வரும். நான் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

வயிறு காலியா?

களத்தில் என்ன நடக்கும் என்று ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். கோவில் மண்டபத்தில் காலை ஏழு மணிக்கு ஆரம்பம். வந்தவர்களுக்கு முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்போம், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், அதற்குப்பின் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். நடக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது, புகை பிடிக்கக்கூடாது. வந்தவர்களில் ஓர் ஆன்ட்டி, எழுபதை நெருங்கியவர். பேச்செல்லாம் ஆங்கிலம், "தம்பி" மட்டும் தமிழ்.

"வயிறு காலியா, ஆன்ட்டி?"

"காலிதான் தம்பி. இன்றைக்கு விரதம்."

"ஒன்றும் குடிக்கவில்லையே?"

"டீ மட்டும். விரதத்துக்கு டீ குடிக்கலாமே."

டீ என்றால் பாலும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும். அந்த மாதிரி ரத்தத்தை எடுத்து என்ன செய்ய? அன்றைக்கு நாலு பேரை இப்படித் திருப்பி அனுப்பினோம். அதன் பிறகு எங்கள் படிவத்தில் "வெறும் வயிறா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "காலையில் டீ குடித்தீர்களா?" என்று போட்டோம். சரியான கேள்வியைக் கண்டுபிடிக்க ஒரு மையத்துக்கு ஆகிற செலவு இதுதான்: ஒரு சனிக்கிழமை, நாலு பேருடைய எரிச்சல்.

புரட்டாசி இன்னொரு பாடம். டர்பனில் தமிழர்களும் தெலுங்கர்களும் புரட்டாசியை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். வீட்டில் கறி, மீன் எதுவும் ஏறாது. ஒரு வருடம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற உணவுக் கணக்கெடுப்பை அந்த மாதத்தில்தான் வைத்தோம். கணினியில் பார்த்தால் சாட்ஸ்வொர்த் முழுக்கப் பருப்பும் காய்கறியும்தான். வருடத்தின் மற்ற பதினொரு மாதத்து மட்டன் கறியும் வெள்ளை ரொட்டியும் காணாமல் போயிருந்தன. அட்டவணை போட்ட அதிகாரி வெளியூர்க்காரர். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேதியை நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்களிலும் ஒரு சின்னச் சிக்கல். ஊரில் "சுகர் 200" என்றால் பயப்படுவார்கள்; இங்கே அதே அளவை 11.1 என்பார்கள், ஏனென்றால் அலகு வேறு. சென்னைக்குப் போய் முழு உடல் பரிசோதனை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு தாத்தா, தன் சுகர் 11-இல் இருந்து 180-க்கு ஏறிவிட்டதாகச் சொல்லி நடுங்கிக்கொண்டு வந்தார். உண்மையில் அது கொஞ்சம் இறங்கியிருந்தது.

எச்.ஐ.வி. வந்த பிறகு

1990-களின் கடைசியில் குவாசுலு-நேட்டாலில் எல்லாருடைய கவனமும் பணமும் எச்.ஐ.வி. பக்கம் திரும்பியது. திரும்பாமல் இருந்திருந்தால்தான் தவறு, இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 2002-இல் சலீம் அப்துல் கரீம், குவாரைஷா அப்துல் கரீம் தம்பதியர் முன்னின்று காப்ரிசா ஆய்வு மையத்தை அமைத்தார்கள். அதற்கு முன்பே மாகாணத்தின் வடக்கே, ம்டுபடுபா பக்கம், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையின் ஆதரவில் ஆப்பிரிக்கா சென்டர் உருவாகியிருந்தது. 2000-இலிருந்து அவர்கள் வீடு வீடாகப் போய் யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஊரைவிட்டுப் போனார், யார் திரும்பி வந்தார் என்று ஒவ்வோர் ஆண்டும் குறித்தார்கள். பார்த்தால் சலிப்பூட்டும் வேலை. நாட்பட்ட நோய் ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் கிடையாது என்பது என் கருத்து.

2004-இல் அரசு கிளினிக்குகளில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். என்ன ஆனது என்று அந்த வீட்டுக்கணக்கு காட்டியது: அந்தப் பகுதியில் வயது வந்தோரின் சராசரி ஆயுள் 2003-இல் 49.2 ஆண்டு, 2011-இல் 60.5. எட்டே வருடத்தில் பதினோரு ஆண்டு கூடியது. இதன் மறுபக்கம் சீக்கிரமே தெரிந்தது. நாற்பதில் செத்திருக்க வேண்டியவர்கள் அறுபதைத் தொடுகிறார்கள் என்றால், பிரஷரும் சுகரும் வருகிற வயதையும் தொடுகிறார்கள். எச்.ஐ.வி.யும் தினமும் மாத்திரை போட்டுக் காலம் தள்ளுகிற நாட்பட்ட நோயாகிவிட்டது.

2016-இல் ஆப்பிரிக்கா சென்டரும், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருந்த காசநோய்-எச்.ஐ.வி. ஆய்வகமும் ஒன்றாகி ஆப்பிரிக்க சுகாதார ஆய்வு நிறுவனம் ஆயின. அங்கே 2018 மே முதல் 2019 நவம்பர் வரை நடந்தது வுகுசாசி ஆய்வு. சுலு மொழியில் "விழித்தெழு, உன்னை அறிந்துகொள்" என்று பொருள். ஊர் ஊராக நகரும் முகாம். எக்ஸ்ரே, ரத்தம், பிரஷர், சளி எல்லாம் ஒரே கூரையின் கீழ். 15 வயதும் அதற்கு மேலும் ஆன 17,118 பேர் வந்தார்கள். எச்.ஐ.வி. 34 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் 23, நீரிழிவு 8.5. ஆனால் யோசிக்க வைப்பது வேறு கணக்கு. எச்.ஐ.வி. இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கட்டுக்குள் இருந்தது. சுகரும் பிரஷரும் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்று தெரியவே தெரியாது, அல்லது தெரிந்தும் கட்டுக்குள் இல்லை.

ஒரே கிளினிக், ஒரே நர்ஸ். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? எச்.ஐ.வி.க்கு ஒரு பதிவேடு இருந்தது, மருந்து வாங்க வராதவரைத் தேடிப் போக ஆள் இருந்தது, ஆலோசகர் இருந்தார், கட்டுப்பாட்டை அளக்க ஒரு சோதனை இருந்தது. சுகருக்கு ஒரு வரிசையும் ஒரு சீட்டும்தான் இருந்தன. நீரிழிவுத் துறை முப்பது வருடமாக எழுதி வந்தது எச்.ஐ.வி.யின் செலவில் நிரூபணமானது என்று நான் சொல்வேன். துறைக்குள் இருப்பவர்கள் இதை இவ்வளவு காரமாகச் சொல்லமாட்டார்கள்.

கேப் டவுன் பக்கம் ஒரு பார்வை

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றால் கேப் டவுன் பல்கலைக்கழகம். 2009-இல் அமெரிக்க அரசின் இதய ஆய்வு நிறுவனமும் ஒரு காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து உலகெங்கும் சில நாட்பட்ட நோய் மையங்களுக்குப் பணம் கொடுத்தபோது, அங்கே நவோமி லெவிட் தலைமையில் ஆப்பிரிக்காவுக்கான நாட்பட்ட நோய் முன்னெடுப்பு தொடங்கியது. டர்பன், கிளினிக்கிலிருந்து மேலே வளர்ந்தது என்றால், கேப் டவுன், திட்டத்திலிருந்து கீழே இறங்கியது. இரண்டும் நல்ல வேலை செய்திருக்கின்றன. கேப் டவுன் குழுவின் ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும்: பிரஷர் நோயாளிகள் 1,372 பேரைப் பிரித்து, சிலருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து பிரஷரின் மேல் எண் வழக்கமான சிகிச்சையைவிட 2.2 மட்டுமே குறைந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அதை மெழுகாமல் அப்படியே 2016-இல் வெளியிட்டார்கள். சின்ன விளைவைச் சின்னதென்று சொல்கிற மையத்தை நான் நம்புவேன்.

பணத்தின் ஆயுள்

மானியம் மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து. நோய் முப்பது வருடம். எங்கள் தொழிலின் எல்லாக் கஷ்டமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. ஐந்தாவது வருடம் முடியும்போது களப்பணியாளர்களின் ஒப்பந்தமும் முடியும். புதிய மானியம் வந்து சேர ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். புதியவர்களை எடுத்தால் கே. கோவெண்டர் யார் என்று முதலிலிருந்து தேடவேண்டும்.

நடுவில் வேறு தடங்கல்களும் உண்டு. மின்வெட்டு மோசமாக இருந்த 2022, 2023-இல் மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டிக்கு டீசல் ஊற்றியே மாதப் பட்ஜெட் கரைந்தது. ஒரு வார இறுதியில் ஜெனரேட்டர் எடுக்கவில்லை, காவலாளிக்கு யாரை அழைப்பதென்று தெரியவில்லை. திங்கள்கிழமை காலை பெட்டிக்குள் இருந்த ரத்தமெல்லாம் தண்ணீராக இருந்தது. இரண்டு வருடத்து மாதிரிகள். கதவில் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருந்தால் தப்பியிருக்கும், இப்போது ஒட்டியிருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, டர்பனின் இன்னொரு இந்தியக் குடியிருப்பான பீனிக்ஸில் வீட்டு வாசலில் நின்று பேசவே சில மாதம் தயங்கினோம். 2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. எங்கள் பட்டியலில் சில முகவரிகளுக்குப் போனால் வீடே இல்லை.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கான நிதியுதவியை வெட்டியது. எச்.ஐ.வி. ஆய்வுகளுக்குத்தான் முதல் அடி. ஆனால் வண்டி, நர்ஸ், உறைபெட்டி எல்லாம் பொதுவானவை என்பதால் சுகர் ஆய்வுகளும் சேர்ந்து ஆட்டம் கண்டன. உள்ளூரிலேயே பணம் கிடையாதா என்றால், இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு நாடு வரி வசூலிக்கிறது; 100 மில்லியில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்றின் கணக்குகள் வரி வேண்டும் என்ற வாதத்துக்குப் பலம் சேர்த்தன. ஆனால் குவாசுலு-நேட்டால் கரும்பு நாடு. வரி என்றதும் வேலை போகும் என்று ஆலைப்பக்கம் கூச்சல் எழும், அந்த ஆலைகளில் எங்கள் பட்டியலில் இருக்கிறவர்களின் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள். வரிப்பணத்தில் ஒரு பங்கையாவது இருபது வருடத் தொடர் ஆய்வுக்கு என்று கட்டி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்கிற அதிகாரி எவரும் இதுவரை குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் களப்பணியாளர் அக்காவுடைய ஒப்பந்தம் போன மாதத்தோடு முடிந்தது. பதினான்கு வருடம் சாட்ஸ்வொர்த்தையும் பீனிக்ஸையும் நடந்தே அளந்தவர். கணினியில் எல்லாமே ஏற்றியாகிவிட்டது, ஒப்படைக்க ஒன்றுமில்லை என்றுதான் மேலிடம் நினைத்தது. கடைசி நாளில் அவர் தன் கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் எழுதிய சிறுசிறு வரிகள். நேற்று கோவெண்டர் பக்கத்தைப் புரட்டினேன்.

"கே. கோவெண்டர், ஏழாவது ஆள். பழைய வீடு மருமகனிடம். இப்போது பேவியூவில் மகள் வீடு, மாமரத்துக்கு எதிரே. நாய் உண்டு, கட்டச் சொல்லிப் போன் பண்ணு. செவ்வாய் வேண்டாம். இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்கார். டீ குடித்தாரா என்று மகளிடம் கேள், அவரிடம் கேட்காதே."